காணாமற்போகும் நீர்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் நான். கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்து, இறுதியில் தலைமையாசிரியனாக இருந்து, 2016-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். மோட்டார்த் தொழில் நான் கற்றதன்று. அப்படியிருக்க, பழைய வண்டியில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் காரணம் தெரியாமல் குறைவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த நீர் எங்கே போகிறது என்று தேடப் புகுந்தபோது, வண்டியின் பழுதோடு என்னுடைய பிழை ஒன்றும் சேர்ந்து வெளிப்பட்டது. இரண்டையும் உள்ளபடி சொன்னால், பழைய வண்டி வைத்திருப்போர்க்கும், வண்டியே இல்லாதோர்க்கும் ஓரளவு பயன்படலாம் என்று கருதுகிறேன்.

எங்கள் வண்டி 1986-ஆம் ஆண்டில் உருவான அம்பாசிடர். 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய பெட்ரோல் எஞ்சின் அதில் இருக்கிறது. என் மாமனார் வாங்கியது. அவருக்குப் பின் எங்களிடம் வந்தது. அந்த வகை வண்டியின் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் பலமுறை சொன்னார்கள். ஏறவும் இறங்கவும் இதைப்போல் எளிதான வண்டி வேறில்லை என்று என் மனைவி சொன்னாள். வண்டி வீட்டிலேயே தங்கிவிட்டது.

நாங்கள் இருப்பது தேனியில். சர்க்கரை நோயால் என் மனைவிக்கு விழித்திரை பழுதுபட்டிருந்தது. மாதம் ஒருமுறை மதுரைக்குச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆண்டிப்பட்டி, கணவாய், உசிலம்பட்டி வழியாகப் போகும் பாதை. என் இடது முழங்கால் கிளட்சை மிதித்து அவ்வளவு தூரம் தாங்காது. ஆகவே எங்கள் தெருவில் இருந்த இளைஞர் ஒருவரை ஓட்டுநராக வைத்துக்கொண்டேன். நாள்தோறும் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்து நீர் நிரப்ப வேண்டும் என்பது நான் அவருக்கு இட்ட கட்டளை.

2018-ஆம் ஆண்டு ஆவணி மாதம். மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். உசிலம்பட்டியைக் கடந்து கணவாய் ஏற்றத்தில் ஏறும்போது வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்புறத்திலிருந்து ஆவி சீறிற்று. வண்டியை ஓரமாக நிறுத்தினார் ஓட்டுநர். மருந்து விட்டுக் கண்பாவையை விரித்திருந்தபடியால் என் மனைவியால் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. உச்சிவெயில். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நான் பதற்றத்தோடு இறங்கி, துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். அந்த இளைஞர் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "சார், இப்போது திறந்தால் முகம் வெந்துவிடும்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நான் வகுப்பில் பலமுறை கற்பித்த பாடமும் அதுவே. எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மீதியில் ஒரு பகுதி சைலன்சர் வழியே போகிறது. இன்னொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏற்றுக்கொண்டு, ரேடியேட்டருக்குச் சென்று காற்றில் விடுகிறது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை சென்டிகிரேடில் கொதித்துவிடும். அதனால் ரேடியேட்டரின் வாயை வில் வைத்த மூடியால் இறுக்கி, உள்ளே அழுத்தத்தை ஏற்றியிருக்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் ஏறினால் நீர் சுமார் 111 பாகையில்தான் கொதிக்கும். 15 பவுண்டு ஏறினால் 121 பாகை வரை தாங்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கிய கணமே நீர் ஆவியாக வெடித்து எழும். துணி அதைத் தடுக்காது. முக்கால் மணி நேரம் காத்திருந்து, எஞ்சின் ஆறிய பிறகு, சிறிது சிறிதாக நீர் ஊற்றினார் அந்த இளைஞர். கொதிக்கும் இரும்பில் சடக்கென்று குளிர்ந்த நீரைக் கொட்டினால் அது விரிந்து போகக்கூடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். இத்தனையையும் நேரில் கண்ட நான், அதற்குப் பின் செய்த காரியத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறேன்.

ஊர் வந்ததும் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். சோதனை எதுவும் செய்யாமலே ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினேன், ஏழாயிரம் ரூபாய் செலவாயிற்று. அடுத்த மாதம் மதுரை போய்வந்தபோது மறுபடியும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் குறைந்திருந்தது. இரவில் வண்டிக்கு அடியில் அட்டைகளை விரித்து வைத்தேன். காலையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. எஞ்சின் ஆயிலைத் தொட்டுப் பார்த்தேன். நீர் கலந்தால் அது மோர் போல வெளுக்கும் என்பார்கள். ஆயில் சுத்தமாகவே இருந்தது.

அப்போது என் மனம் இப்படித் தர்க்கம் செய்தது. ரேடியேட்டர் புதியது. தரையில் ஒழுக்கு இல்லை. ஆயிலில் நீர் இல்லை. ஆகவே நீர் எங்கும் போகவில்லை. போகவில்லையென்றால், ஊற்றப்படவே இல்லை. ஓட்டுநர் பொய் சொல்கிறார்.

அந்த இளைஞரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தினமும் ஊற்றுகிறேன் சார். காலையில் செல்ஃப் எடுத்ததும் கொஞ்ச நேரம் மிஸ்ஸிங் அடிக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது. அதைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். "நான் தண்ணீரைக் கேட்டால் நீ புகையைச் சொல்கிறாயே" என்று அதட்டினேன். பள்ளிக்கூடத்தில் பேச்சை மாற்றித் தப்பிக்கும் பையன்களை நிறையப் பார்த்தவன் அல்லவா நான்? வாசலில் நான்கு பேர் கேட்கும்படியாகவே சொன்னேன். அவர் மறுமொழி பேசவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நானே நீர் ஊற்றினேன். முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு ஊருக்குள்ளேயே இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்து பார்த்தபோது, என் கையால் நான் ஊற்றிய நீரும் குறைந்திருந்தது.

நேயர்களே, பொருள் அழிவதில்லை, இடமும் உருவும் மாறுகிறது என்பது லவாய்சியே காலம் முதல் விஞ்ஞானத்தின் அடிப்படை. அதை நான் ஆண்டுதோறும் பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் என் வீட்டு வாசலில் அதை மறந்து, காணாமற்போன நீருக்கு ஒரு திருடனைத் தேடியிருக்கிறேன். அன்று ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

முதலில் அளவு. ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பக்கூடாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். நீர் சூடேறும்போது விரியும். அறையின் வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குப் போகும்போது நூற்றுக்கு நான்கு பங்கு பெருகும். எட்டு லிட்டர் நீர் என்றால் மூன்றில் ஒரு லிட்டர் அதிகமாகும். புதிய வண்டிகளில் அது பக்கத்துப் பாட்டிலுக்குப் போய், ஆறியதும் திரும்பி வரும். எங்கள் வண்டி போன்ற பழைய வண்டியில் பாட்டில் இல்லை. வழிகுழாய் வழியே சாலையில் சிந்திவிடும். ஆகவே தினமும் விளிம்புவரை நிரப்பினால் தினமும் குறையத்தான் செய்யும். அது பழுதன்று. கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை அளவில் அடையாளம் வைத்துக்கொண்டு, எஞ்சின் நன்றாக ஆறிய காலை வேளையில் மட்டும், அந்த அடையாளம்வரை எவ்வளவு நீர் வேண்டியிருக்கிறது என்று அளவுக் குவளையால் அளந்து எழுதினேன்.

இரண்டு வாரத்தில் நோட்டு ஓர் உண்மையைச் சொல்லிற்று. மூன்று நாள் தொடர்ந்து வண்டி நின்றால் நீர் சிறிதும் குறையவில்லை. ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் ஓடினால் சுமார் 100 மில்லிலிட்டர் குறைந்தது. கணவாய் ஏறி மதுரை போய்வந்தால் 900 மில்லிலிட்டர். அதாவது, எஞ்சின் உழைக்கும்போது மட்டும் நீர் போகிறது. அதிகம் உழைத்தால் அதிகம் போகிறது. நிற்கும் வண்டிக்கு அடியில் அட்டை விரித்த என் சோதனை, நடக்காத நேரத்தில் குற்றத்தைத் தேடிய சோதனை.

அடுத்து, செலவு குறைந்ததிலிருந்து செலவு மிகுந்ததை நோக்கி ஒவ்வொன்றாக நீக்குவது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தாலோ, வில் தளர்ந்தாலோ அழுத்தம் நிற்காது. நீர் முன்னதாகவே கொதித்து வழிகுழாயில் வெளியேறும். புதிய மூடியின் விலை ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் பணம்தான். ரேடியேட்டரை மாற்றுமுன் அதைச் செய்திருக்க வேண்டும். மாற்றிப் பார்த்தேன். குறைவு நிற்கவில்லை.

பிறகு ரப்பர் ஹோஸ்களும் அவற்றின் கிளிப்புகளும். சூடான எஞ்சினில் கசியும் நீர் சொட்டாக விழுவதற்குள் உலர்ந்துவிடும். ஆனால் உலர்ந்த இடத்தில் வெள்ளை உப்போ, கூலண்ட்டின் நிறமோ படிந்திருக்கும். ஆகவே ஈரத்தைத் தேடுவதைவிடப் படிவைத் தேடுவதே முறை. மெக்கானிக்குகள் வாட்டர் பாடி என்று சொல்லும் நீர் பம்பின் அச்சுக்குக் கீழே ஒரு சிறு துளை உண்டு. உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் ஓடும்போது அத்துளை வழியே நீர் வந்து, விசிறிக் காற்றில் சிதறிப் போகும். துளைக்குக் கீழே துருநிறக் கோடு ஒன்று இருக்கும். எங்கள் வண்டியில் துளை உலர்ந்திருந்தது, கோடும் இல்லை. வண்டிக்குள் வெப்பமூட்டும் கருவி உள்ளவர்கள் முன்னிருக்கையின் கீழ்விரிப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே பிசுபிசுப்பும் இனித்த வாசனையும் இருந்தால் கசிவு அங்கேதான். எங்கள் வண்டியில் அக்கருவி இல்லை.

வெளிவழிகள் எல்லாம் அடைபட்டன. இனி உள்வழி ஒன்றுதான். அதைப் பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. என் பழைய மாணவர் ஒருவர் ஊர்க்கோடியில் சிறு பட்டறை வைத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு அதிகம் தொல்லை கொடுத்தவர் என்று நினைவு. அவரிடம் நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, "காலையில் எடுக்கும்போது மிஸ்ஸிங் உண்டா சார்? வெள்ளைப் புகை உண்டா?" என்று கேட்டார். எனக்கு வார்த்தை எழவில்லை.

அவர் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தத்துக்கு மேற்போகாமல் காற்றேற்றினார். அளவுமுள் மெல்ல மெல்லக் கீழிறங்கியது. வெளியே எங்கும் துளி இல்லை. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்று பழுப்பேறியிருந்தன. மூன்றாம் சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோல் வெளுத்திருந்தது. பிளக் இல்லாமல் செல்ஃபைச் சுழற்றியபோது அந்தத் துளையிலிருந்து நீர்த்திவலை பீச்சியது.

"இன்னொன்றும் பார்த்துவிடுவோம்" என்று பிளக்குகளை மாட்டி, நீர்மட்டத்தைச் சற்றுக் குறைத்து, நீலநிறத் திரவம் உள்ள கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் பொருத்தினார். எஞ்சினை ஓடவிட்டு, நீரின் மேலிருக்கும் காற்றை அத்திரவத்தின் வழியே இழுத்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாயிற்று. எரிந்த பெட்ரோலின் கரியமில வாயு ரேடியேட்டருக்குள் வந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. "நீங்கள் சுண்ணாம்பு நீரில் ஊதச் சொன்னீர்களே சார், அதே பாடந்தான்" என்றார் என் மாணவர்.

நடந்தது இதுவே. எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கேஸ்கட் என்னும் மெல்லிய தகடு இருக்கிறது. எரியும் வாயுவையும், ஓடும் நீரையும், ஆயிலையும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அது. மூன்றாம் சிலிண்டருக்கும் நீர்வழிக்கும் இடையில் அது மயிரிழை அளவு கருகிவிட்டது. எஞ்சின் ஏற்றத்தில் உழைக்கும்போது எரிவாயு நீருக்குள் புகுந்து, அழுத்தத்தைக் கூட்டி, நீரை வழிகுழாயில் தள்ளிற்று. நிறுத்திய பிறகு ரேடியேட்டரில் மிஞ்சிய அழுத்தம் சிறிது நீரைச் சிலிண்டருக்குள் தள்ளிற்று. அந்த நீர்தான் காலையில் மிஸ்ஸிங்காகவும் வெள்ளைப் புகையாகவும் வெளிப்பட்டது. வெயில் ஏறியபின் சைலன்சரில் வரும் ஆவி கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலையில் வண்டியை எடுத்தவர் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது. ஆயில் வழியைத் தொடாத இடத்தில் கேஸ்கட் கருகியதால் ஆயில் வெளுக்கவில்லை. ஆயில் சுத்தமாக இருப்பது கேஸ்கட் நன்றாயிருக்கிறது என்பதற்குச் சாட்சியாகாது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால், சிலிண்டரில் தேங்கிய நீர் நசுங்க மறுத்து, ஒருநாள் செல்ஃப் எடுக்கும்போது உள்ளே இருக்கும் தண்டையே வளைத்திருக்கும்.

ஹெட்டைக் கழற்றி, அதன் முகம் சமமாக இருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, லேத் பட்டறையில் சிறிது சீவி, புதிய கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் வரிசையில் நட்டுகளை முறுக்கினார்கள். கேஸ்கட்டின் விலை ரேடியேட்டரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கழற்றியபோது நீர்வழிகளில் சுண்ணாம்புப் பொருக்கு படிந்திருந்தது. ஆண்டுக்கணக்காக ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றிவந்தது நான் சொல்லித்தான். பொருக்கு படிந்த இடத்தில் வெப்பம் இறங்காது. அங்கே கேஸ்கட் கருகும். அன்று முதல் காய்ச்சி வடித்த நீரில் கூலண்ட்டைச் சரிபாதி கலந்தே ஊற்றுகிறோம். பெரும்பாலான கூலண்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள விஷம். குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். ஒழுக்கை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

வண்டி செம்மையாயிற்று. மற்றொன்று பாக்கி இருந்தது. அந்த இளைஞர் போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்பை ஓட்டப் போயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அவரைக் கண்டேன். ஜீப் நிறுத்துமிடத்தில், அவருடைய தோழர்கள் நடுவில், "தம்பி, நீ சொன்னதுதான் சரி. நான் உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு" என்று சொன்னேன். நாலு பேர் கேட்கப் பழித்ததை நாலு பேர் கேட்கவே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. அவர் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்தார். "மூணாவது சிலிண்டரா சார்?" என்று கேட்டார். ஆம் என்றேன். பிறகு, "அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது?" என்றார்.

மறுபடி வேலைக்கு வரும்படி அழைத்தேன். ஜீப்பில் வருமானம் கூடுதல் என்று பணிவாகச் சொல்லிவிட்டார். அது முழுக் காரணமாக இராது என்பது எனக்குத் தெரியும். டீ வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டார்.

பழைய வண்டியில் நீர் குறைகிறதா? ஆறிய எஞ்சினில் அளந்து எழுதுங்கள். எப்போது குறைகிறது என்று பாருங்கள். மூடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வழியாக நீக்குங்கள். புதிய சாமான் வாங்குமுன் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, அந்த வண்டியை நாள்தோறும் காலையில் எடுக்கிறவரை உட்காரவைத்து, அவர் கண்டதையும் கேட்டதையும் முழுவதும் கேளுங்கள். நான் அதைச் செய்திருந்தால் ஏழாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும். ஒரு நல்ல பிள்ளையின் மனமும் புண்பட்டிராது.